குருத்தெலும்பு ஸ்லைடில் செல்லைச் சுற்றி வெள்ளை வளையம் ஏன்?

நாலாவது_பெஞ்சு · செவ்வாய், இரவு 10.12

வணக்கம். எம்.பி.பி.எஸ். முதல் வருடம். வரும் திங்கள் ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்பாட்டர், அதாவது ஸ்லைடைப் பார்த்து எந்தத் திசு என்று எழுதும் தேர்வு. மற்ற திசுக்கள் ஓரளவு கைவந்துவிட்டன, குருத்தெலும்புதான் உயிரை வாங்குகிறது. போன இன்டர்னலில் ஃபைப்ரோ குருத்தெலும்பைப் பார்த்து 'தசைநாண்' (தசையை எலும்போடு கட்டுவது) என்று எழுதி வைத்தேன். மார்க் போனதுகூடப் பரவாயில்லை, வகுப்பே சிரித்தது.

இரண்டு சந்தேகம். சாதாரண ஹெச் அண்ட் ஈ (ஹீமடாக்சிலின் நீலம், ஈயோசின் சிவப்பு) சாயத்தில் ஹயலின், எலாஸ்டிக், ஃபைப்ரோ என்ற மூன்று வகைக் குருத்தெலும்பையும் எப்படிப் பிரிப்பது? அப்புறம், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் வெள்ளையாக ஓர் இடைவெளி தெரிகிறதே, அதற்குள் இருப்பது என்ன? தண்ணீரா, காற்றா? பக்கத்தில் உட்காருகிறவன் 'அதுதான் லாகுனா, அதற்குள் செல் மிதக்கும்' என்கிறான். நம்பலாமா?

பாரஃபின்_கட்டி · செவ்வாய், இரவு 11.05

நம்ப வேண்டாம் தம்பி. ஒரு மருத்துவக் கல்லூரியில் 31 வருடம் ஸ்லைடு வெட்டியவள் நான். அந்த வெள்ளை வளையத்தை உண்டாக்கியதே என்னைப் போன்றவர்கள்தான்.

உயிரோடு இருக்கும் குருத்தெலும்பில் செல் தன் குழியை (அதுதான் லாகுனா) முழுக்க அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். நாங்கள் துண்டை ஃபார்மலினில் போடுகிறோம். பிறகு ஆல்கஹாலின் அடர்த்தியைப் படிப்படியாக ஏற்றித் தண்ணீரை வெளியேற்றுகிறோம், அப்புறம் சைலீன், கடைசியில் உருகிய பாரஃபின். இவ்வளவு பாடு பட்டால் செல் சுருங்காமல் என்ன செய்யும்? சுற்றியிருக்கும் மேட்ரிக்ஸ், அதாவது செல்களுக்கு நடுவே நிரம்பியிருக்கும் பொருள், விறைப்பானது, அது அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. பச்சை நிலக்கடலையில் பருப்பு ஓட்டை ஒட்டி இருக்கும், காய்ந்த கடலையை ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அதே கதைதான். குழி நிஜம், காலி இடம் பொய். சில ஸ்லைடில் செல்லே கழன்று விழுந்து வெறும் ஓட்டைகூடத் தெரியும். அதைப் பார்த்துச் செத்த திசு என்று எழுதிவிடாதே.

இப்போது அடையாளம். முதலில் சின்ன லென்ஸில் பார், அவசரப்பட்டுப் பெரிதாக்காதே. மங்கலான நீல ஊதாவில், கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஒரு பரப்பு, அதில் இரண்டும் நான்குமாகச் செல்கள், ஓரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு பட்டை: ஹயலின். ஓரப் பட்டைதான் பெரிகாண்ட்ரியம், குருத்தெலும்பைப் போர்த்தும் உறை. மூச்சுக்குழாயில் எடுத்த துண்டாக இருந்தால் பக்கத்திலேயே சளிச் சுரப்பிகளும் குறு இழை முளைத்த உள்பூச்சுத் திசுவும் (எபிதீலியம்) சாட்சிக்கு நிற்கும்.

எலாஸ்டிக்கை ஹெச் அண்ட் ஈயில் பிடிப்பது கஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். நெருக்கம்தான் துப்பு. செல்கள் பருத்து, கிட்டக்கிட்டே, பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். இடையில் இருக்கும் மேட்ரிக்ஸ் கண்ணாடி மாதிரி இல்லாமல் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். வெர்ஹாஃப் சாயம் போட்டால் கவலையே இல்லை, கறுப்பு நூலை அள்ளிக் கொட்டியது போல எலாஸ்டிக் இழைகள் எழுந்து வரும். காது மடல், குரல்வளை மூடி, தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய், இவைதான் வழக்கமாக வரும் இடங்கள்.

ஃபைப்ரோவில் நீ ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிவப்பு கொலாஜன் (நார்ப் புரதம்) கட்டுகள் அலையலையாக ஓடும், நடுவே செல்கள் வரிசை கட்டி நிற்கும். தசைநாணிலும் வரிசை உண்டு. ஆனால் அங்கே உட்கரு கோடு மாதிரி நசுங்கியிருக்கும், குழி இருக்காது. ஃபைப்ரோவில் செல் உருண்டையாக, குழிக்குள், சுற்றிலும் லேசான நீலச் சாயலோடு இருக்கும். அந்த நீலத்தைத் தேடு. பெரிகாண்ட்ரியம் கிடையாது.

நாலாவது_பெஞ்சு · புதன், காலை 6.48

நன்றி அக்கா! நிலக்கடலை இனி மறக்காது. 'அந்த நீலம்' என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? ஹயலினிலும் செல்களைச் சுற்றி மட்டும் நீலம் அடர்த்தியாகவும் தள்ளிப்போனால் வெளுப்பாகவும் இருக்கிறது.

வடமராட்சிக்காரன் · புதன், காலை 7.30

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்துப் புத்தகங்களில் குருத்தெலும்பின் பெயர் கசியிழையம். செல்லை நாங்கள் கலம் என்போம், திசுவை இழையம், மைக்ராஸ்கோப் நுணுக்குக்காட்டி. குழம்ப வேண்டாம், பொருள் ஒன்றுதான்.

நீலத்துக்குக் காரணம் கந்தகம். மேட்ரிக்ஸில் அக்ரிகன் என்று ஒரு பெரிய மூலக்கூறு இருக்கிறது. நடுவில் ஒரு புரதத் தண்டு, அதிலிருந்து போத்தல் கழுவும் பிரஷ்ஷின் மயிர்கள் போலக் காண்ட்ராய்டின் சல்பேட், கெரட்டன் சல்பேட் சங்கிலிகள். இப்படிப்பட்ட பிரஷ்கள் ஏராளமாக ஹைலூரோனிக் அமிலம் என்ற நீண்ட கயிற்றில் தொங்குகின்றன. சல்பேட்டுக்கு எதிர் மின்னேற்றம், ஹீமடாக்சிலின் போய் அதில் ஒட்டுகிறது. டொலுயிடின் நீலம் பூசினால் நீலம் நீலமாக நிற்காமல் ஊதாவாக மாறிவிடும். கலம் இந்தச் சரக்கைத் தன்னைச் சுற்றித்தான் முதலில் கொட்டுகிறது. அதனால் கலத்தை அண்டிய வட்டாரம் கருநீலம், தூரம் வெளிறல்.

அந்த எதிர் மின்னேற்றம் சாயத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. அது சோடியத்தை இழுக்கும், சோடியத்துக்குப் பின்னால் தண்ணீர் வரும். மூட்டுக் கசியிழையத்தின் எடையில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர். ஊதிக்கொண்டே போகப் பார்க்கும் இந்தக் களியை இரண்டாம் வகைக் கொலாஜன் வலை பிடித்து இறுக்கி வைத்திருக்கிறது. அந்த வலை ஸ்லைடில் ஏன் தெரிவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். இழைகள் மிக மெல்லியவை, ஒளியை முறிக்கும் அளவும் சுற்றியுள்ள களியும் அவையும் ஏறக்குறைய ஒன்று. தண்ணீருக்குள் போட்ட ஐஸ்துண்டைத் தேடுவது போல.

கறிக்கடை_கல்லா · புதன், மதியம் 1.15

நான் படித்தது பி.காம்., வளர்ந்தது கறிக்கடையில். இந்த உரையாடலை ஆர்வமாகப் படித்தேன். நீங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை நாங்கள் கத்தியில் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது.

பிராய்லர் கோழிக் காலின் குமிழைக் கடித்தால் பொதபொதவென்று வெள்ளையாக வரும். பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடும் குஞ்சு. வயதான நாட்டுக்கோழியில் அதே இடம் மெல்லிய பூச்சாகத்தான் இருக்கும், உள்ளே கல். இளங்குட்டியின் நல்லி எலும்பை வேக வைத்தால் குமிழ் தனியாகக் கழன்று வரும். கழன்ற முகத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். முற்றிய ஆட்டில் என்ன வேக வைத்தாலும் கழலாது. அப்பா இதை வைத்தே குட்டியா கிடாயா என்று சொல்லிவிடுவார்.

என் கேள்வி இதுதான். குருத்தெலும்பு என்றால் குருத்தான எலும்பு, அதாவது வாழைக்குருத்து முற்றி இலையாவது மாதிரி இது முற்றி எலும்பாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வடமராட்சிக்காரன் · புதன், மாலை 4.50

கறிக்கடைத் தம்பி, நீங்கள் சொன்ன மேடு பள்ளமான முகம்தான் வளர்ச்சித் தட்டு, எலும்பு நீளும் இடம். பல்கலைக்கழகத்தில் இதை ஒரு மாதம் நடத்துவார்கள், உங்கள் அப்பா ஒரு வெட்டில் நடத்தியிருக்கிறார்.

ஆனால் பெயர் இந்த இடத்தில் ஏமாற்றும். கசியிழையம் முற்றி எலும்பாவதில்லை, எலும்பு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பழைய குடிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே அதே மனையில் கல்வீடு எழுப்புவது மாதிரி. கருவின் கை கால் எலும்புகள் முதலில் ஹயலினில் வார்த்த அச்சுகளாகத்தான் தொடங்குகின்றன. ஐந்தாவது வாரவாக்கில் இடைத்திசுக் கலங்கள் ஒன்றுகூடி அந்த வேலையை ஆரம்பிக்கும்.

எதற்கு இந்தச் சுற்றுவழி, நேரே எலும்பை வளர்த்தால் என்ன? எலும்பு உள்ளிருந்து வளர முடியாது. அதன் கலம் கல்லுக்குள் சிறை. வெளியில் மட்டும் பூசிக்கொள்ளலாம், சுவருக்குச் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு அடிப்பது போல. கசியிழையத்துக்கு இரண்டு வழியும் உண்டு. பெரிகாண்ட்ரியத்தின் உள்ளடுக்கில் இருக்கும் கலங்கள் காண்ட்ரோபிளாஸ்ட்டாக (கசியிழையம் கட்டும் கலமாக) மாறி வெளியிலிருந்து பூசும். உள்ளே ஏற்கனவே சிக்கியிருக்கும் கலங்களும் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் களியைச் சுரந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். தோசைமா புளித்துப் பொங்குவது போல் உள்ளிருந்து ஊதுகிறது. ஸ்லைடில் இரண்டும் நான்குமாகத் தெரிகிற கூட்டம், ஒரு தாய்க்கலம் பிரிந்த பிள்ளைகள். தள்ளிப்போக இன்னும் நேரம் கிடைக்காதவை.

வளர்ச்சித் தட்டில் இந்தப் பிரிவு ஒரே திசையில் நடக்கிறது. காசு அடுக்கினாற்போல் நெடுவரிசை. குமிழ்ப் பக்கம் ஓய்வாக இருக்கும் கலங்கள், அடுத்துப் பிரிந்து அடுக்குபவை, அடுத்துப் பல மடங்கு ஊதிப் பெருப்பவை, பிறகு சுண்ணாம்பு ஏறும் பகுதி, கடைசியில் இரத்தக்குழாய் நுழைந்து எலும்பு படியும் பகுதி. கால் நீளுவதில் பெரும் பங்கு அந்த மூன்றாவது கூட்டம் ஊதுவதில்தான் இருக்கிறது. எண்ணிக்கையால்தான் நீளம் என்று நானே கன காலம் தவறாகப் படிப்பித்திருக்கிறேன்.

பாரஃபின்_கட்டி · புதன், மாலை 5.20

ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஊதிய செல்கள் எல்லாமே செத்துப்போகின்றன என்றுதான் நாங்களும் படித்தோம். 2014 வாக்கில் எலிகளில் செல்லுக்கு அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவற்றில் ஒரு பகுதி சாகாமல் எலும்பு கட்டும் செல்லாகவே மாறுவது தெரிந்தது. ஆக, குடிசையில் இருந்தவர்களில் சிலர் கல்வீட்டுக் கொத்தனார் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். பெயர் வைத்தவர் முழுக்கத் தப்பில்லை.

கறிக்கடை_கல்லா · புதன், இரவு 8.02

அப்படியானால் எலும்பு நடுவில் நீளுவதே இல்லையா? இதை யாராவது பார்த்து உறுதி செய்திருக்கிறார்களா?

வடமராட்சிக்காரன் · புதன், இரவு 8.40

செய்திருக்கிறார்கள், அதுவும் கோழியில். இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். செடிகளைப் பற்றி 1727இல் அவர் வெளியிட்ட நூலிலேயே இது வருகிறது. திராட்சைக் கொடியில் சம தூரத்தில் புள்ளி குத்தி எந்தப் பகுதி நீளுகிறது என்று பார்த்தவர், அதே யோசனையை ஒரு கோழிக்குஞ்சிடம் காட்டினார். இரண்டு அங்குல நீளக் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருக்கிறது, துளைகளுக்கு இடையே அதே அரை அங்குலம். வேப்பமரத்தில் அடித்த ஆணி மரம் வளர வளர மேலே போகாது இல்லையா, அது போல. வளர்ந்ததெல்லாம் நுனிகளில்.

முட்டிவலி_மாமா · புதன், இரவு 9.25

எல்லாரும் வளர்வதைப் பேசுகிறீர்கள், எனக்குத் தேய்வதைப் பற்றிச் சொல்லுங்கள். வயது 58. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்றார். விளம்பரம் பார்த்து எட்டு மாதம் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். பணம் கரைந்தது, வலி கரையவில்லை. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வளரும் என்கிறீர்களே, என் முட்டியில் மட்டும் ஏன் வளரவில்லை?

படியேறும்_பிசியோ · புதன், இரவு 10.10

ஐயா, முதலில் அந்த 'ஜவ்வு' என்ற சொல்லை ஓரமாக வைப்போம். என்னிடம் வருகிறவர்கள் மூன்று வெவ்வேறு பொருளை ஜவ்வு என்கிறார்கள். எலும்பை எலும்போடு கட்டும் தசைநார், தொடையெலும்புக்கும் காலெலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ், அப்புறம் எலும்பு முனையில் சில மில்லிமீட்டர் தடிமனில் பூசியிருக்கும் குருத்தெலும்பு. தசைநார் குருத்தெலும்பே அல்ல. மெனிஸ்கஸ் ஃபைப்ரோ வகை. முனைப் பூச்சு ஹயலின். எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது. எலும்புகளுக்கு இடையே இடைவெளி குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் தேய்மானம் என்று கணிக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூட்டுப் பரப்பில் இருக்கும் ஹயலினுக்குப் பெரிகாண்ட்ரியம் கிடையாது (தம்பி, இது ஸ்பாட்டர் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் வரும்). ஆகவே வெளியிலிருந்து பூச ஆளில்லை. உள்ளே இருக்கும் செல்கள் மொத்தக் கன அளவில் ஒரு சில சதவீதம்தான், வளர்ந்தவர்களில் அவை பிரிவதும் அரிது. இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. வெட்டுப்பட்ட தோலில் முதலில் இரத்தம் உறையும், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றும் செல்கள் வந்து சேரும். இங்கே அந்த முதல் படியே இல்லை. 1743இலேயே வில்லியம் ஹன்டர் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை எழுதிவிட்டார்: அழிந்த குருத்தெலும்பு திரும்ப வருவதில்லை.

இன்னொன்று. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. எந்தத் திசு எப்போது கட்டப்பட்டது என்று அதை வைத்துக் கணக்கிடலாம். 2016இல் முழங்கால் குருத்தெலும்பை அப்படிப் பார்த்தார்கள். வளர்ந்து முடிந்த பிறகு கொலாஜன் ஏறக்குறைய மாற்றப்படுவதே இல்லை. 58 வயதில் நீங்கள் நடப்பது பள்ளிக்கூடத்தில் கட்டி முடித்த கொலாஜனின் மேல்தான்.

மாத்திரை விஷயம்: அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2006இல் வந்தது. குளுக்கோசமைனோ காண்ட்ராய்டினோ இரண்டும் சேர்ந்தோ, மொத்தக் கூட்டத்தில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக வலியைக் குறைக்கவில்லை. உங்கள் எட்டு மாதம் அதோடு ஒத்துப்போகிறது.

அதற்காக முடங்கி உட்காரவும் வேண்டாம். அந்தச் செல்களுக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊறி வருகிறது. நடக்கும்போது அழுந்தித் திரவம் கொஞ்சம் வெளியேறும், கால் தூக்கும்போது திரும்ப உறிஞ்சும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் போல. தொடைத் தசையை வலுப்படுத்துங்கள், எடையைக் கவனியுங்கள். எந்தப் பயிற்சி என்பதை உங்களை நேரில் பார்க்கும் பிசியோ சொல்லட்டும்.

முட்டிவலி_மாமா · புதன், இரவு 10.31

சரி. ஆனால் என் மச்சினனுக்கு மெனிஸ்கஸ் கிழிந்து தைத்தார்கள், ஒட்டிவிட்டதே?

படியேறும்_பிசியோ · புதன், இரவு 10.44

வெளி விளிம்பில் கிழிந்திருக்கும். மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில் மட்டும் இரத்த ஓட்டம் உண்டு. உள் ஓரத்தில் கிழிந்தால் ஒட்டுவது கடினம்.

கறிக்கடை_கல்லா · வியாழன், காலை 11.20

முற்றிய ஆட்டுக்கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவோம். குருத்தெலும்பும் அதில் இளகுமா?

வடமராட்சிக்காரன் · வியாழன், மாலை 5.05

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு தேநீர் வாங்கித் தரலாம். பப்பாளிப் பாலில் உள்ள பாப்பைன் நொதியை லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முயலின் இரத்தத்தில் ஏற்றினார். அவர் தேடியது வேறு ஏதோ. முயலின் விறைத்த காதுகள் ஒரு நாளுக்குள் நாய்க்குட்டிக் காது மாதிரித் தொங்கிவிட்டன. சில நாளில் பழையபடி நிமிர்ந்தன. காதை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார், கலங்கள் நன்றாகவே இருந்தன. ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டார்.

சில வருடம் கழித்து மாணவர்களுக்கு வேடிக்கை காட்ட அதையே திரும்பச் செய்தபோது, சாதாரண முயலின் காதையும் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் கண்ணில் பட்டது: கலங்களுக்கு நடுவே இருந்த நீலம் காணோம்! பாப்பைன் அக்ரிகனின் புரதத் தண்டை அறுத்துவிட்டது, தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த சரக்கு கரைந்து போய்விட்டது. காது நிமிர்ந்தபோது நீலமும் திரும்பியிருந்தது. 1956இல் கட்டுரையாக வந்தது. சடம் என்று எல்லாரும் நினைத்திருந்த இழையத்தில் கலங்கள் இருந்த இடத்திலிருந்தே களியைத் திரும்பச் சுரந்திருக்கின்றன.

முட்டிவலி ஐயா, உங்கள் விஷயத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். களி போனால் திரும்பி வரலாம், கொலாஜன் வலையும் கலமும் போனால்தான் வழியில்லை.

வளையல்_கலகல · வியாழன், இரவு 7.50

காதைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் மகள் (20) காதின் மேல் பக்கத்தில் குத்திக்கொள்ள வேண்டும் என்கிறாள். அம்மாச்சி பாம்படம் போட்டுக் காதைத் தோள்வரை தொங்கவிட்டவர், மேலே கொப்பும் போட்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, நான் பயப்படுவது சரியா?

பாரஃபின்_கட்டி · வியாழன், இரவு 8.15

பாம்படம் தொங்கிய சோணையில் குருத்தெலும்பே கிடையாதம்மா. தோலும் கொழுப்பும்தான், அதனால்தான் அவ்வளவு நீண்டது. காது மடலின் மேல்பகுதியை அப்படி நீட்டவே முடியாது. அம்மாச்சிக்குக் கொப்பு நன்றாக ஆறியிருக்கிறது, பலருக்கும் ஆறும். ஆனால் அங்கே கிருமி புகுந்தால் தொல்லை. குருத்தெலும்புக்குச் சாப்பாடு கொடுப்பது அதைப் போர்த்தியிருக்கும் பெரிகாண்ட்ரியம். இரண்டுக்கும் நடுவே சீழோ இரத்தமோ தேங்கினால் பட்டினி கிடந்து கரையும், மடல் சுருங்கிவிடும். மல்யுத்தக்காரர்களின் காது பூக்கோசு மாதிரி ஆவது இப்படித்தான். குத்துவதானால் சுத்தமான ஊசியால் குத்தும் இடத்துக்குப் போகட்டும், துப்பாக்கி மாதிரி அழுத்துவது வேண்டாம். சிவந்து வீங்கி வலித்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை_அங்குலம் · வெள்ளி, காலை 9.03

எனக்கு 22. இன்னும் ஒன்றரை அங்குலம் உயரம் வேண்டும். வளர்ச்சித் தட்டைத் திரும்பத் திறக்கப் பவுடர் இருப்பதாக வீடியோவில் சொல்கிறார்கள்.

படியேறும்_பிசியோ · வெள்ளி, காலை 9.40

திறக்காது. தட்டு முழுவதும் எலும்பாகிவிட்ட பிறகு பிரிவதற்கு அங்கே குருத்தெலும்புச் செல்லே இல்லை. அதை மூட வைப்பது ஆண்களிலும் ஈஸ்ட்ரஜன்தான். ஈஸ்ட்ரஜனை உணரும் ஏற்பி கெட்டுப்போன ஓர் ஆணைப் பற்றி 1994இல் எழுதினார்கள். வயது 28, உயரம் 204 செ.மீ., தட்டு இன்னும் மூடவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு கை எக்ஸ்ரே போதும், பவுடர் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். காலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பீர்கள், இரவெல்லாம் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் (டிஸ்க்) தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும். இப்போதைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது_பெஞ்சு · திங்கள், மாலை 6.20

தேர்வு முடிந்தது. ஏழாவது மைக்ராஸ்கோப்பில் இருந்தது. ஹெச் அண்ட் ஈ. செல்கள் நெருக்கம், நடுவே கண்ணாடிப் பரப்பு இல்லை, இரண்டு பக்கமும் பெரிகாண்ட்ரியம். பக்கத்தில் மயிர்க்கால்கள் தெரிந்தன, அப்படியானால் காது மடல். எலாஸ்டிக் என்று எழுதினேன். சரிதான் என்று வெளியே வந்து தெரிந்துகொண்டேன்.

வைவாவில் அந்த வெள்ளை வளையத்தைத்தான் கேட்டார்கள். நிலக்கடலை என்று சொல்லிவிட்டேன். வெளித்தேர்வாளர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், பிறகு 'யார் சொல்லிக் கொடுத்தது?' என்றார். ஸ்லைடு வெட்டுகிறவர் என்றேன். வயதானவர்களின் மூச்சுக்குழாயை வெட்டுவதற்கு முன் அவர்கள் அமிலத்தில் ஏன் ஊற வைக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. அதற்கு முழித்தேன்.

பாரஃபின்_கட்டி · திங்கள், இரவு 7.02

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! வயதானால் ஹயலினில் சுண்ணாம்பு ஏறும், சில இடத்தில் எலும்பே வந்துவிடும். ஊற வைக்காமல் வெட்டினால் பிளேடு பல்லிளித்துவிடும், ஸ்லைடு முழுக்கக் கீறல். உன் காது மடலுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. எலாஸ்டிக்கில் சுண்ணாம்பு ஏறுவது அபூர்வம்.